மொறோக்கோவைக் கண்டு வந்த தையல்காரர்

வாயில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் மேசையில் வைக்கத் தொடங்கினால், கடையில் இருப்பவர்கள் எழும்பிப் போய்விடுவது நல்லது. ஊசி வாயில் இருக்கும்வரை அவரால் யாரையும் ஏச முடியாது. ஏசுவதற்காகத்தான் எடுக்கிறார் என்று அர்த்தம். நாலு ஊசி இருந்தால் நாலையும் எடுப்பார். அவசரப்படமாட்டார். அந்த நேரத்துக்குள் ஓடித் தப்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கமிருந்து சோனகத் தெருவுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் அவருடைய கடை இருந்தது. ஒற்றைக் கதவு, ஒரு தையல் மெஷின், ஒரு வாங்கு. எல்லோரும் 'தையல்கார நானா' என்றே கூப்பிடுவார்கள்; முஸ்லிம்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மெலிந்த ஆள். கழுத்தில் அளவு நாடா எப்போதும் தொங்கும். அந்த நாடாவைத் தவிர உலகத்தில் வேறெதையும் அவர் நம்பியதாக எனக்குத் தெரியாது.

கோட்டடியில் வழக்குப் பேசிப் பெரிய பெயரெடுத்த பிரக்கிராசியார் ஒருவர் கறுப்புக் கோட்டுத் தைக்க வந்தார். அளவெடுக்க நேரமில்லை, இடுப்பு முப்பத்துநாலு, தனக்குத் தெரியும் என்றார். நானா ஊசிகளை எடுத்தார்.

"நீங்கள் சொல்லுற அளவுக்கு நான் தைக்கிறேல்லை, ஐயா. நாடா சொல்லுற அளவுக்குத்தான் தைப்பன்."

"என்ரை இடுப்பு எனக்குத் தெரியாதோ?"

"எப்ப கண்டனீங்கள்? பத்து வருசத்துக்கு முந்தியோ?"

பிரக்கிராசியார் முகம் சிவந்து நின்றார். நாடா நாற்பது காட்டியது. அந்த மனிதர் வாழ்நாள் முழுக்க அவரிடம்தான் தைத்தார் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஒருநாளும் சிரித்ததில்லை.

"கண்டனீரோ?" என்பதுதான் நானாவின் கேள்வி. எதைச் சொன்னாலும் அதைத்தான் கேட்பார். அரியாலையில் கடல் பொங்கி வந்ததாமே என்றால், கண்டனீரோ? இன்னாருடைய மகள் வீட்டைவிட்டுப் போய்விட்டாளாமே என்றால், கண்டனீரோ? காணவில்லை என்றால் வாயை மூடச் சொல்வார். இந்த ஒரு கேள்வியால் அவருக்குச் சிநேகிதர்கள் குறைவு. அந்தக் கேள்வியை அவர் எல்லோருக்கும் முன்னால், முந்நூறு பேருக்கு முன்னால், கேட்டது என்னிடம்தான்.

அப்போது ஊமைப்படக் காலம். முற்றவெளிக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுப் படம் காட்டினார்கள். நான் படம் சொல்லுகிறவன். திரைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, தகரக் குழலை வாயில் வைத்து, இடையிடையே வரும் இங்கிலீசு எழுத்துகளை வாசித்துத் தமிழில் உரத்துச் சொல்லவேண்டும். எழுத்தில் இருப்பதை மட்டும் சொன்னால் சனம் கொட்டாவி விடும். ஆகவே நான் கூட்டிச் சொல்லுவேன். கதாநாயகிக்கு அளவெட்டியில் மாமன் வீடு இருப்பதாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். கைதட்டுவார்கள். என் குரலைக் கேட்கவென்றே வண்டில் கட்டி வந்தவர்கள் உண்டு. எனக்கு அதில் நல்ல மண்டைக்கனம்.

ஒரு படம் வந்தது. மணல், ஒட்டகம், கோட்டை. தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கோட்டைக்குள்ளே. தலையில் துணி சுற்றிய ஆட்கள் குதிரைகளில் வெளியே. ஊர் மொறோக்கோ என்று எழுத்து சொன்னது. குதிரைக்காரர் வந்தபோது 'மூர்' என்று எழுத்து விழுந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் மூர் என்றால் சோனகர், எங்களூர் முஸ்லிம்கள். அரசாங்கக் கடுதாசி எல்லாவற்றிலும் சோனகத் தெருச் சனத்தை அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அதோ வாறாங்கள் சோனகக் கள்ளர்! பெண்டுகளை ஒளிச்சு வையுங்கோ!"

கூடாரம் அதிரச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கழுத்தைத் திருப்பி, இடதுபக்க வாங்குகளைப் பார்த்தார்கள். சோனகத் தெரு ஆட்கள் வழக்கமாக அங்கேதான் இருப்பார்கள்.

ஒருவர் எழும்பி நின்றார். படத்தின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"நிப்பாட்டும் காணும்! நீர் மொறோக்கோவைக் கண்டனீரோ?"

நான் குழலைத் தாழ்த்தினேன். "படத்திலை கிடக்கு, நானா."

"படம் எடுத்தவன் சொல்லுறதைத்தான் படத்திலை காட்டுறான். நான் உம்மைக் கேக்கிறன். நீர் கண்டனீரோ?"

"இல்லை."

"அப்ப ஆரைக் கள்ளன் எண்டு சொல்லுறீர்?"

அவர் வெளியே போனார். இடதுபக்க வாங்கு முழுவதும் அவருக்குப் பின்னால் எழும்பிப் போனது. படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச்சு வராமல் நின்றேன். என் தொழிலில் அப்படி நின்றது அதுதான் முதல்தடவை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. முந்நூறு பேர் முன்னால் என் வாயை அடைக்க ஒரு தையல்காரன்!

அடுத்தநாள் விடிய, ஏசிவிட்டு வரலாம் என்றுதான் அவருடைய கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் ஊசிகளை எடுத்தார். ஏசவில்லை. அலுமாரியைத் திறந்து மஞ்சளாய்ப்போன ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். அவருடைய பிறப்புப் பதிவு.

"சாதி எண்ட இடத்திலை என்ன எழுதிக் கிடக்கு? நீர் இங்கிலீசு படிச்சவர்தானே, வாசியும்."

"மூர்."

"நேற்றுக் குதிரையிலை வந்தவனும் மூர். நானும் மூர். அவன் ஆர்? என்ரை சித்தப்பன்ரை மகனோ? எனக்குத் தெரியாது. என்ரை வாப்பாவுக்கும் தெரியாது. ஆரெண்டு தெரியாத ஒருத்தனுக்காக நான் ஏன் தலையைக் குனிய வேணும்? சொல்லும்!"

ஏச வந்தவன் கடுதாசியை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்படித் திரும்பியதற்காகவும் அவர்மேல் கோபம்.

அதற்குப் பிறகு பாலைவனம் காட்டும் படம் எது வந்தாலும் அவர் வருவார். முன்வாங்கில், திரைக்கு மிகக் கிட்ட இருப்பார். மடியில் ஒரு துண்டுத் துணி, கையில் தையல் சோக்குக் கட்டி. நான் என்ன கத்தினாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். உடுப்பைத்தான் பார்ப்பார். தொப்பி எப்படிச் சட்டையோடு சேர்ந்திருக்கிறது, கை எவ்வளவு அகலம், பக்கவெட்டு எங்கே தொடங்குகிறது. எல்லாவற்றையும் இருட்டிலேயே துணியில் கீறுவார்.

மூன்றாவது படமோ நாலாவது படமோ முடிந்தபோது என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"உது முழுக்க ஒரே தையல்காரன் தைச்சது. போன படத்திலை கிழவன் போட்ட சட்டையும் இந்தப் படத்திலை கள்ளன் போட்ட சட்டையும் ஒண்டு. தோள்மூட்டிலை ஒரே பிழை. ஒரு நாட்டிலை ஒரே ஒரு தையல்காரனோ இருப்பான்? உது மொறோக்கோ இல்லை. வெள்ளைக்காரன் தன்ரை வளவுக்குள்ளை எடுத்தது."

இன்னொரு படத்தில் அரை நிமிடம்கூட வராத ஒரு தெரு வந்தது. ஒரு கிழவர் கேத்தலைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து, கீழே இருக்கும் சின்னக் கிளாசுக்குள் தேத்தண்ணி ஊற்றினார். ஒரு பெண் வட்ட ரொட்டி மாவை அடுக்கிய பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். நானா அந்த அரை நிமிடத்துக்காக மூன்று நாள் வந்தார்.

"உது மெய்," என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"படம் எடுக்கிறாங்கள் எண்டு அந்தக் கிழவனுக்குத் தெரியாது. ஊத்தின கையைப் பார்த்தனீரோ? வீட்டிலை ஊத்துற கை."

இப்படித்தான் மொறோக்கோ அவருக்குக் கிடைத்தது. பொய்யைப் பிரித்து, இடையில் அகப்பட்ட துண்டுகளை ஒட்டி ஒட்டி. அங்கே ரொட்டியை வீட்டில் சுடுவதில்லை, தெருவுக்கு ஒரு போறணை அடுப்பு இருக்கவேண்டும் என்று அந்தப் பலகையைப் பார்த்துச் சொன்னார். நான் சிரித்தேன். பின்னாளில் அது சரியென்று தெரியவந்தது. பார்த்துப் பார்த்து, தலைமூடியோடு சேர்ந்த நீள அங்கி ஒன்றையும் தைத்தார். கடையில் அதைத் தொங்கவிட்டிருந்தபோது ஒழுங்கையால் போகிறவர்கள் பேய்ச் சட்டை என்று பகிடி பண்ணினார்கள். அவர்களுக்காக எத்தனை தரம் ஊசி எடுத்தார் என்பதற்குக் கணக்கில்லை.

பிறகு பேசும் படம் வந்தது. என் வாய்க்கு வேலை போயிற்று. கூடாரம் போய்க் கல்மண்டபம் வந்தது. முதலாளி இரங்கி என்னைச் சீட்டுக் கொடுக்கும் யன்னலில் இருத்தினார். சனத்தின் கை மட்டும் தெரியும் அந்த ஓட்டைக்குப் பின்னால் இருந்து, யாரைக் கண்டாலும் எரிந்து விழுவேன். அந்த நாட்களில்தான் ஒருநாள் ஓட்டைக்குள்ளால் நானாவின் குரல் கேட்டது.

"சீட்டு வேண்டாம். கொழும்புக்குப் போறன். சீமைக்குப் போற கப்பலிலை துணி தைக்க ஆள் எடுக்கிறாங்கள். வழியிலை மொறோக்கோத் துறையிலை நிக்குமாம்."

"படம் பார்த்துப்போட்டு ஆரும் கப்பல் ஏறுவினமே, நானா?"

"என்ரை மனிசியும் உதைத்தான் கேட்டவள். நான் கண்டால்தான் எனக்கு உறங்கலாம்."

இரண்டு வருடத்துக்குக் கிட்ட அவரைக் காணவில்லை. திரும்பி வந்தவர் பாதியாகியிருந்தார். மகிழ்ச்சியோடு வருவார், கண்டுவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்துவார் என்று நினைத்திருந்தேன். வாங்கில் எனக்கு இடம் விட்டுவிட்டு, மெஷினை மிதித்தபடியே கதைத்தார். நான் அவரை நிறுத்தவில்லை.

மொறோக்கோவின் கசபிளாங்காத் துறையில் கப்பலின் இயந்திரம் பழுதாகி ஐந்து கிழமை நின்றிருக்கிறது. தான் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு நானா கரைக்கு இறங்கினார். நான் மூர், நான் மூர் என்று நெஞ்சில் தட்டிச் சொன்னார். ஒருவருக்கும் விளங்கவில்லை.

"மூர் எண்ட சொல்லே அவங்களுக்குத் தெரியாது, காணும்! தங்களை அவங்கள் அப்பிடிச் சொல்லுறேல்லை. அது வெள்ளைக்காரன்ரை வாயிலை கிடக்கிற சொல்லு. அங்கை அவனுக்கும் ஒட்டிவிட்டான். இஞ்சை எனக்கும் ஒட்டிவிட்டான். ஒரு சித்தப்பனும் இல்லை, ஒரு மகனும் இல்லை."

சந்தைக்குள் கூனல் விழுந்த ஒரு தையல்காரர் அவரைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். சுற்றிச் சுற்றி அங்கியைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். தலைமூடி தலைகீழாம். அங்கேயே அதைக் கழற்றி, தையலைப் பிரித்து, திரும்ப வெட்டித் தைத்துக் கொடுத்தார். அவர் தேத்தண்ணி ஊற்றியபோது கேத்தல் தலைக்குமேல் போனதாம். இதைச் சொல்லும்போது மட்டும் நானாவின் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது.

"அவன்ரை அறபு எனக்கு விளங்காது. நான் ஓதப் படிச்ச அறபு அவனுக்குச் சிரிப்பு. ஆனால் ஊசியைக் கையிலை எடுத்தால் ரண்டு பேருக்கும் விளங்கும். ஒவ்வொருநாளும் போனன்."

மூன்றாவது கிழமை, பட்டணத்துக்கு வெளியே படம் எடுக்க வெள்ளைக்காரர் கூட்டம் ஒன்று வந்தது. உடுப்பு வேலைக்கு அந்தத் தையல்காரரைப் பிடித்தார்கள். அவர் நானாவையும் கூட்டிக்கொண்டு போனார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், செருப்புத் தைப்பவர்கள் என்று பதினொரு பேரை நடிக்கப் பிடித்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அளவெடுத்தது நானாதான். அளவோடு பெயரையும் எழுதி வைத்தார்.

"அடுத்தநாள் விடிய அவங்கள் வந்த வடிவை நீர் காணோணும். படம் பிடிக்கப் போறாங்கள் எண்டு தோய்ஞ்சு, முடி வெட்டி, வெள்ளிக்கிழமைக்குப் போடுற வெள்ளை உடுப்போடை வந்தவங்கள். ஒருத்தன் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்தவன், வாப்பா படத்திலை வாறதைப் பார்க்கட்டும் எண்டு. வெள்ளைக்காரன் வந்தான். பார்த்தான். எல்லாத்தையும் கழட்டச் சொன்னான்."

நானா மெஷினிலிருந்து கையை எடுத்தார்.

"எங்களுக்குப் புதுத்துணி தந்தாங்கள். புதுத்துணி, காணும், மடிப்புக் கலையாத துணி. அதைத் தைச்சு, பிறகு கத்தியாலை கிழிக்கச் சொன்னாங்கள். சேத்திலை பிரட்டி, தேத்தண்ணிச் சாயத்திலை தோய்ச்சு, ஊத்தையாக்கச் சொன்னாங்கள். நான் மாட்டன் எண்டன். இருவது வருசமாய்க் கிழிஞ்சதைத் தைக்கிறவன் நான், தைச்சதைக் கிழிக்கமாட்டன் எண்டு தமிழிலையே கத்தினன். அந்தத் தையல்காரன் வந்து என்ரை கையைப் பிடிச்சான். வீட்டுப்பக்கம் கையைக் காட்டினான். விரலை மடிச்சு அஞ்சு எண்டு காட்டினான். அஞ்சு பிள்ளையள்."

"பிறகு?"

"பிறகென்ன பிறகு! கிழிச்சனான். ரண்டு கையாலையும் கிழிச்சனான். பதினொரு உடுப்பு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான்தான் கிழிக்கச் சொன்னதுபோல இருந்தது.

அந்தப் பதினொரு பேரையும் கோட்டையை நோக்கி ஓடவிட்டுச் சுட்டார்கள். வெறும் வெடிதான். விழவேண்டும். விழுந்தது சரியில்லை என்றால் திரும்ப எழும்பி ஓடி விழவேண்டும். ஒரே வெயிலில் எட்டுத் தடவை. மத்தியானத்துக்குப் பிறகு ஒருவன் களைத்து வராமல் போக, ஆள் குறைகிறதென்று தையல்காரரின் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி வைத்துவிட்டு அவரையும் ஓடவிட்டார்கள். கடைசியாக ஒருவன் மதிலின் மேலிருந்து விழவேண்டும். கீழே வைக்கோல் போட்டிருந்தது. வைக்கோலில் விழவில்லை. இடுப்பு முறிந்து போயிற்று.

"அவன் கத்தினது மெய்யாய்க் கத்தினது. வெள்ளைக்காரன் கையைத் தட்டினான். நல்லாய் வந்திருக்காம். அதை வெட்டமாட்டாங்கள், பாரும், அது படத்திலை வரும்."

நான் கேட்ட கேள்வி இதுதான்: "அவங்கள்தான் உங்களுக்குச் சொந்தமில்லை எண்டு கண்டுட்டியளே. பிறகேன் நானா இவ்வளவு கோபம்?"

"சொந்தக்காரனுக்காகத்தான் கோவிக்கலாம் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

மதிலிலிருந்து விழுந்தவனுடைய பெயரையோ, தேத்தண்ணி ஊற்றிய தையல்காரரின் பெயரையோ நான் அன்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு புதுப் படத்தின் விளம்பரத் தட்டி ஒட்டும் ஒவ்வொரு தடவையும் அவர் மண்டபத்துக்கு வந்து போவார். அந்தப் படம் வந்துவிட்டதா என்று பார்ப்பார். ஒன்றரை வருடம் அப்படிப் பார்த்தார். ஒருநாள் ஒட்டிய பசை காயமுன்னம் யன்னலுக்கு வந்தார்.

"வந்திட்டுது. தட்டியிலை நிக்கிற உந்த மஞ்சள் மயிர் நடிகன்தான். அங்கை வெயில் ஒத்துக்கொள்ளாமல் குடைக்குக் கீழை நிண்டவன். ஒரு சீட்டுத் தாரும்."

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரக் காட்சி. மண்டபம் நிறைந்திருந்தது. மேல் ஆசனங்களில் அரசாங்கக் கச்சேரியிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரையும் மனைவியும் வந்திருந்தார்கள். முதலாளி தலைப்பாகை கட்டிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நின்றார். நான் சீட்டு யன்னலைப் பூட்டிவிட்டு உள்ளே போய்க் கதவோரம் நின்றேன். நானா முன்வாங்கில் இருந்தார். தொப்பியும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரமும் சலவை மடிப்போடு இருந்தன.

கோட்டை வந்தது. கந்தல் உடுத்த ஆட்கள் ஓடிவந்தார்கள். வெடி. முதலாவது ஆள் விழுந்தான். நானா எழும்பினார்.

"அல்லால்!" என்று கத்தினார். "சாகேல்லை! எழும்பி ரொட்டி சாப்பிட்டவன்!"

சனம் கொல்லென்று சிரித்தது. அடுத்தவன் விழுந்தான்.

"பூஷைப்! செருப்புத் தைக்கிறவன்! பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவன்!"

விசில் அடித்தார்கள். யாரோ கச்சான் கடலைக் கோதை அள்ளி எறிந்தான். இரு, இரு என்று கத்தினார்கள். அவர் இருக்கவில்லை. ஒவ்வொருவன் விழும்போதும் ஒவ்வொரு பெயர். அப்துல் சலாம். ஹமீது. ஐந்தாவது பெயரோ ஆறாவது பெயரோ வந்தபோது விசில் குறைந்திருந்தது. ஒரு நரைத்தாடிக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நானா பெயர் சொல்லுமுன்னம், பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"உந்தக் கிழவர் ஆர் அண்ணை?"

"மீலூத், தங்கச்சி. மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். என்னோடை ஒரே தட்டிலை சாப்பிட்டவர்."

"ஐயோ," என்றாள் அந்தப் பெண். மண்டபத்தில் வேறு சத்தமில்லை. வெடிச் சத்தம் மட்டும்.

அந்த அமைதிதான் முதலாளியைப் பயப்படுத்தியிருக்கவேண்டும். சிரித்தபோது வராதவர் அப்போதுதான் படி இறங்கி ஓடிவந்தார். "உவனை வெளியிலை இழு! துரை இருக்கிறார்! இழுக்காட்டி நீயும் நாளைக்கு வரத் தேவையில்லை!" என்று என் காதுக்குள் சீறினார்.

நான் முன்வாங்குக்குப் போய்ச் சேர்வதற்குள் அவர் ஒன்பது பெயர் சொல்லி முடித்திருந்தார். நானாவின் கையைப் பிடித்தேன். அவர் திமிறவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லச் சொன்னார்.

"இழுக்க வேண்டாம், காணும். நானே வாறன். இன்னும் ரண்டு பேர்தான் விழக் கிடக்கு. அவங்கடை பேரையும் சொல்லிப்போட்டு வாறன்."

திரையில் ஒருவர் ஓடிவந்தார். வயதான, கூனல் விழுந்த ஆள். மதிலின் மேல் இன்னொருவன் எழும்பி நின்றான். நானா மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

நான் அவருடைய வாயைப் பொத்தினேன்.

படம் சொல்லிப் பிழைத்தவன் நான். ஒரு மனிதன் வாய் திறக்கும் நேரத்தின் பெறுமதி எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் அவருடைய மூச்சு சுட்டது. இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ, ஏதோ முனகலாக வந்து என் கையில் முட்டி நின்றது. அவர் கடித்திருக்கலாம். கடித்திருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். கடிக்கவில்லை. பின்னால் மதிலிலிருந்து ஒருவன் விழுந்தான், நீளமாகக் கத்திக்கொண்டு. மண்டபம் பழையபடி சிரித்தது.

அவரைத் தெருவில் கொண்டுபோய் விட்டேன். சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு நடந்து போனார்.

படம் இன்னும் நாலு நாள் ஓடியது. திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை முதலாவது ஆள் விழுந்தபோது பின்வாங்கில் ஒரு பெடியன் "அல்லால்!" என்று கத்தினான். பகிடிக்குத்தான். ஆனால் "எழும்படா அல்லால்!" என்று இன்னொருவன் சேர்ந்தான். புதன்கிழமை பாதி மண்டபம் பெயர் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் வராதவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மீலூத், மீலூத் என்று கேட்டது. பகிடி எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. கடைசி நாள் ஒன்பது பெயரையும் சொன்னார்கள். பத்தாவதாகக் கூனல் விழுந்தவர் ஓடிவந்தார். மண்டபம் ஒரே அமைதியாயிற்று. ஒருவருக்கும் தெரியாது. மதிலிலிருந்து விழுந்தவனுக்கும் அப்படித்தான். அவன் கத்தியது மட்டும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்தநாள் விடிய நான் நானாவின் கடைக்கு ஓடினேன். யாருடையதோ காற்சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நானா, சனம் பேர் சொல்லுது," என்றேன். "மண்டபம் முழுக்கச் சொல்லுது."

மெஷின் நின்றது.

"எத்தினை பேரின்ரை பேர்?"

"ஒன்பது."

அவர் காத்திருந்தார். கேட்கத்தான் போயிருந்தேன், கேட்டேன்.

"மற்ற ரண்டு பேரும் ஆர், நானா? அந்தத் தையல்காரன்ரை பேர் என்ன?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கின் விளிம்பில் ஊன்றியிருந்த என் வலது கையைப் பார்த்தார்.

"அது உம்மடை கைக்குள்ளை கிடக்கு," என்றார். "தேடிப் பாரும்."

திரும்ப மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.